அமெரிக்காவில் பிறந்த குழந்தை: முதலில் இந்தியப் பதிவா, அமெரிக்க பாஸ்போர்ட்டா?

வடம்பிடி:
எச்1பி வேலை விசாவில் இருக்கும் நம்மவர்கள் குழந்தை பிறந்த இரண்டாம் மாதமே அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு ஓடுகிறார்கள், அது வந்த கையோடு ஓசிஐக்கு, அதாவது இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தரும் அட்டைக்கு. ஓடாதீர்கள் என்பது என் கட்சி. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் 4ஆம் பிரிவைப் பாருங்கள். 3-12-2004 முதல் வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு, பெற்றோர் இந்தியர் என்பது மட்டும் போதாது. ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். பதியும்போது ‘குழந்தையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை’ என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். அமெரிக்க பாஸ்போர்ட் வாங்கிவிட்டு இதை எப்படி எழுதுவீர்கள்? அந்த பாஸ்போர்ட்டுக்கோ கெடுவே இல்லை. பிறப்புச் சான்றிதழை வைத்து முப்பது வயதிலும் வாங்கலாம். கெடு இருப்பதை விட்டுவிட்டு இல்லாததற்கு ஏன் இத்தனை அவசரம்?

குறுக்குச்சால்:
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்திய பாஸ்போர்ட்டில் பேரனைப் பாட்டியிடம் காட்ட மூன்று வாரம் மதுரைக்கு வருகிறார்கள். திரும்பிப் போவது எப்படி? அமெரிக்கத் தூதரகம் விசா தராது, ஏனென்றால் குழந்தை அவர்கள் நாட்டுக் குடிமகன். சட்டப்படி அமெரிக்காவில் நுழையவும் அங்கிருந்து கிளம்பவும் அமெரிக்க பாஸ்போர்ட் வேண்டும். அங்கிருந்து கிளம்பும்போது யாரும் மறிக்க மாட்டார்கள். இந்தியாவில் இறங்கத் தாள் இருக்கிறதா என்றுதான் விமான கவுண்டரில் பார்ப்பார்கள். வில்லங்கம் திரும்பும்போது. சென்னை அமெரிக்கத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டுக்கான டிஎஸ்-11 படிவம், அப்பா அம்மா குழந்தை மூவரும் நேரில். அது வந்ததும் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். புது பாஸ்போர்ட்டில் இந்திய விசா இருக்காது. வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்ஆர்ஆர்ஓவில் வெளியேற அனுமதி வாங்க வேண்டும். மூன்று வார லீவில் இதெல்லாம் நடக்கிற காரியமா?

வடம்பிடி:
வந்து போகிறவர்களுக்கு நான் சொல்லவே இல்லை. ஓரிரு வருடத்தில் ஊரோடு திரும்பப் போகிறோம் என்று முடிவெடுத்தவர்களுக்குச் சொல்கிறேன்.

குறுக்குச்சால்:
அதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே சார். ‘நம்மவர்கள்’ என்று பொதுவாகத்தானே ஆரம்பித்தீர்கள்?

படிவம்ஒன்று:
சண்டைக்கு நடுவே வேலைக்கு ஆகிற விஷயம் ஒன்று. பதிவுக்கான விண்ணப்பம் படிவம் 1. உள்துறையின் குடியுரிமைத் தளத்தில் நிரப்பி, அச்செடுத்து, இருவரும் கையெழுத்திட்டுத் தூதரகத்தில் தர வேண்டும். கூடவே பிறப்புச் சான்றிதழ், இருவரின் பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ். பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்க வேண்டும். சில மாநிலங்களில் தரும் சுருக்கமான சான்றிதழில் அது இருக்காது, நீளமானதைக் கேட்டு வாங்குங்கள்.

பெரும்பாலும் இடறுவது பெயரில்தான். நம்மில் பலருக்கு பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி, முழுப்பெயரும் ‘கொடுத்த பெயர்’ கட்டத்தில். அமெரிக்க விசாவில் அதைத் தூக்கிக் குடும்பப்பெயரில் போட்டுவிட்டு, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ என்று அடித்திருப்பார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். பிரசவ வார்டில் தரும் தாளை விசாவைப் பார்த்து நிரப்பினால், சான்றிதழில் அப்பாவின் பெயர் ‘எஃப்என்யு செந்தில்குமார்’ என்று வந்து நிற்கும். இந்தியத் தூதரகம் அதை பாஸ்போர்ட்டோடு ஒப்பிடும், திருப்பி அனுப்பும். மாநில அலுவலகத்தில் திருத்தி வாங்கச் சில மாதங்கள்கூட ஆகலாம், அதற்குள் ஒரு வருடக் கெடு நெருங்கிவிடும். விசாவை மூடி வைத்துவிட்டு பாஸ்போர்ட்டைப் பார்த்து நிரப்புங்கள்.

வருடம் தாண்டினாலும் வழி உண்டு: தாமதத்துக்குக் காரணம் எழுதி, மத்திய அரசின் அனுமதியோடு பதியலாம். கோப்பு டெல்லி போய் வர வேண்டும், அவ்வளவுதான். அதுவரை குழந்தைக்கு இந்திய பாஸ்போர்ட் கிடையாது.

குறுக்குச்சால்:
நன்றி. இப்போது வடம்பிடி சாருக்கு. ஊரோடு வந்துவிட்டார்கள் என்றே வைப்போம். ஓசிஐயில் அப்படி என்ன குறை? வாழ்நாள் விசா, வேலை, வீடு வாங்கலாம். ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. ஒரு வயதுக் குழந்தைக்கு இரண்டும் இப்போது எதற்கு?

வடம்பிடி:
நீட். 4-3-2021 அறிவிக்கைப்படி ஓசிஐ பிள்ளைகளுக்கு நீட், ஜேஇஇ வழியே என்ஆர்ஐ இடங்கள்தான். இந்தியக் குடிமக்களுக்கென்று ஒதுக்கிய இடம் கிடையாது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காப்பாற்றியது அந்தத் தேதிக்கு முன் அட்டை வாங்கியவர்களை மட்டும். இன்று பிறக்கிற குழந்தைக்கு அந்தத் தீர்ப்பால் பயனில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கேயே படித்தாலும் பிளஸ் டூ முடித்ததும் என்ஆர்ஐ கட்டணம். அது எவ்வளவு என்று எந்தத் தனியார் மருத்துவக் கல்லூரியிலும் விசாரித்துப் பாருங்கள்.

குறுக்குச்சால்:
சரி, நீட் ஒப்புக்கொள்கிறேன். அதே 4ஆம் பிரிவில் 1ஏ உட்பிரிவையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு குடியுரிமையும் உள்ள பிள்ளை 18 முடிந்து ஆறு மாதத்துக்குள் மற்றதை விடாவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும். பதினேழில் இந்தியனாக நீட் எழுதுவான், முதலாண்டு படிக்கும்போதே முடிவெடுக்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமையைப் பெற்றோர் விட்டுக்கொடுக்க முடியாது; அவனே தூதரகத்தில் நேரில் நின்று சொல்ல வேண்டும். கட்டணமும் உண்டு. நாள் தவறினால் பாதிப் படிப்பில் வெளிநாட்டவன்.

வடம்பிடி:
அந்த முடிவை அவன் எடுக்கட்டும் என்பதுதானே நான் சொல்வது. ஒரு வயதில் நாம் எடுத்துவிட்டால் அவனுக்கு எடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

குறுக்குச்சால்:
நடுவில் அப்பாவுக்கு மறுபடி டல்லாஸில் வேலை கிடைத்தால்? பத்து வயதில் அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்தாக வேண்டும், உங்கள் திட்டம் அன்றோடு முடிந்தது.

படிவம்ஒன்று:
அங்கே சட்டச் சிக்கலும் உண்டு. வேறு நாட்டு பாஸ்போர்ட் வாங்கினாலே விரும்பி அந்தக் குடியுரிமையை ஏற்றதாகக் கொள்வோம் என்கிறது 2009 குடியுரிமை விதிகளின் மூன்றாம் அட்டவணை. பிறப்பிலேயே இருந்த குடியுரிமையை மைனர் ‘விரும்பி ஏற்றான்’ என்று எப்படிச் சொல்வது என வக்கீல்கள் வாதிடலாம். பாஸ்போர்ட் அலுவலக கவுண்டரில் அந்த வாதம் எடுபடாது, ஒப்படைக்கத்தான் சொல்வார்கள்.

பிறகு குடியுரிமைச் சட்டம் 5(1)(டி) பிரிவு வழியே, இந்தியரின் மைனர் குழந்தை என்று பதிவுக்குப் போகலாம் என்பவர்களுக்கு: பழைய குடியுரிமையை விட உறுதி கேட்பார்கள். அதைப் பெற்றோர் விட முடியாது என்று மேலேயே பேசியாகிவிட்டது.

வடம்பிடி:
டல்லாஸ் வேலை வரும் என்று தோன்றுகிறவர்கள் பாஸ்போர்ட்டும் ஓசிஐயும் எடுக்கட்டும், தடுக்கவில்லை. மற்றவர்கள் பிறப்புப் பதிவைப் பதினோராம் மாதம் வரை தள்ளாதீர்கள். எஃப்என்யு திருத்தத்துக்கே அந்த நாள் போதாது.