'கேஃபேப்': தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம். டபிள்யூசிடபிள்யூ என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனம் சரிந்த கதையைச் சிற்றிதழ் ஒன்றுக்கு மொழிபெயர்க்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 1999 ஜனவரி 4, அட்லாண்டா. ஹல்க் ஹோகன் ஒற்றை விரலால் நெஞ்சைத் தொடுகிறார், ஏறக்குறைய ஏழடி உயரக் கெவின் நாஷ் வெட்டிய வாழையாய்ச் சாய்கிறார், பட்டம் கைமாறுகிறது. மறு ஆண்டு, பட விளம்பரத்துக்காக ஒரு நடிகருக்கே பட்டம். கூட்டம் கரைந்தது, 2001 மார்ச்சில் போட்டி நிறுவனமே வாங்கிவிட்டது. இந்த மல்யுத்தத்தில் ஆட்டத்தின் முடிவு முன்பே எழுதப்பட்டதுதான். ஆனாலும் அரங்கின் உள்ளும் புறமும் மெய்யென்றே நடந்துகொள்ளும் மரபுக்குக் கேஃபேப் என்று பெயர். 'பொய்ச்சண்டை' போதுமா?
குடந்தையான்

போதாது. இது கேளிக்கைதான் என்று 1989இலேயே அந்தப் போட்டி நிறுவனமான டபிள்யூடபிள்யூஎஃப் நியூஜெர்சி அரசிடம் ஒப்புக்கொண்டது. அதன் பிறகும் கூட்டம் வந்ததே! 'நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்' என்பது தொல்காப்பியம். 'நாடக வழக்கு' என்றே போடுங்கள்.
ஐயாற்று ஆசிரியர்

ஐயா, நாடகக்காரர்கள் கோர்ட்டில் போட்ட வழக்கு என்று நினைத்துக்கொள்வார்கள்.
குடந்தையான்

முதலில் மல்லைப் பார்ப்போம். புறநானூறு 80இல் ஆமூர் மல்லனை வீழ்த்துகிறான் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. ஒரு கால் மல்லன் மார்பில், விரல் அல்ல! பகை கொண்ட தந்தை தித்தன் இதைக் காணட்டும் என்கிறார் புலவர் சாத்தந்தையார். கதையமைப்பு என்றால் அது. இனி 'மல்லல் வளனே' என்ற தொல்காப்பிய உரியியல் நூற்பா. மல் வடமொழிக்குப் போனதா, அங்கிருந்து வந்ததா என்பதை மூன்று மடல்களில் விளக்குகிறேன்.
மன்னார்குடியார்

திங்கட்கிழமை, ஐயா.
குடந்தையான்

எங்கள் ஊர்ப் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் நரசிம்ம முகமூடி அணிபவர் விரதம் இருப்பார். இரணியன்மேல் பாயும்போது சுற்றி நின்று பிடித்துக்கொள்வார்கள். முகமூடிக்குள் யார் என்று ஊருக்கே தெரியும். கைகள் கூப்பியபடியே இருக்கும். அவரே நடுவில் முகமூடியைக் கழற்றிச் சிரித்தால் மறு ஆண்டு யார் வந்து உட்காருவார்கள்? அட்லாண்டாவில் நடந்தது அதுதான். 'வேடங்காப்பு' சரிவருமா?
மேலட்டூர்க்காரி

அருமை, அம்மா. ஆனால் வேடம் 'வேஷ'த்தின் திரிபு. 'கோலங்காப்பு' என்போம்.
மன்னார்குடியார்

மார்கழியில் வாசற்கோலத்தை மாடு மிதிக்காமல் பார்த்துக்கொள்வது போல இருக்கிறது.
மேலட்டூர்க்காரி

கேஃபேப் அந்தத் தொழிலின் குழூஉக்குறி. பொன்னைப் 'பறி' என்ற பொற்கொல்லரின் சொல்லை நன்னூல் உரைகாரர் மாற்றவா செய்தார்? அப்படியே விடுங்கள்.
திருவாரூர்த் தம்பி

வேடங்காப்புக்கு மூவர், நாடக வழக்குக்கு ஒருவர், மற்றவர்கள் உறங்கிவிட்டீர்கள். வேடங்காப்பு என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் கேஃபேப் என்று சேர்த்து அனுப்பிவிட்டேன்.
குடந்தையான்

என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன். மல் குறித்த முதல் மடல் நாளை வரும்.
மன்னார்குடியார்