எங்கள் வீட்டு 304 ஆட்டத்தைப் பலரும் விளையாடும் தளமாக்க வேண்டும்: சேர்வரா, வெப்ஆர்டிசியா?

கொக்குவில்_தாள்கட்டு:

வணக்கம். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் 304 என்ற சீட்டாட்டம்தான். அப்பா இருந்த காலத்தில் முற்றத்தில் பாய் விரித்து ஆடுவோம். இப்போது மாமா ரொறன்ரோவில், அக்கா பரிஸில், அம்மாவும் நானும் கொக்குவிலில். நால்வரும் சேர்ந்து ஆட பிரவுசரில் ஓடும் ஒன்றை நானே எழுதினேன். சேர்வர் நிரல் நோட் ஜேஎஸ்ஸில், பிரவுசருக்கும் சேர்வருக்கும் இடையே அறாமல் திறந்திருக்கும் இணைப்புக்கு வெப்சாக்கெட், வரும் இணைப்புகளை வாங்கி உள்ளே கடத்த முன்னால் என்ஜின்எக்ஸ், சிங்கப்பூரில் ஒரு சின்ன வாடகைச் சேர்வர். அம்மாவுக்கு 71 வயது. வட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தொட்டால் ஆட்டம் திறக்க வேண்டும், எதையும் இறக்கி நிறுவச் சொல்லக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

இங்கே இரவு ஏழரை, அக்காவுக்குப் பின்னேரம் நாலு, மாமாவுக்குக் காலை பத்து. அந்த ஒன்றரை மணி நேரம் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் மூன்று சிக்கல்கள் ஆட்டத்தைக் கெடுக்கின்றன.

ஒன்று, மாமா யோசித்துத்தான் தாள் இறக்குவார். யாரும் எதுவும் போடாமல் ஒரு நிமிடம் போனால் எல்லோருடைய இணைப்பும் அறுந்துவிடுகிறது. இரண்டு, அம்மாவுக்கு அழைப்பு வந்து, பேசிவிட்டுத் திரும்பினால் சேர்வர் அவரைப் புது ஆளாக நினைக்கிறது. கை போய்விடுகிறது, திரும்பக் கலைத்துப் போட வேண்டியிருக்கிறது. மூன்றாவதுதான் மனதுக்குக் கஷ்டம். அக்காவின் மகன், 15 வயது, பிரவுசருக்கு வரும் செய்திகளைக் காட்டும் டெவலப்பர் கருவியைத் திறந்து, நான் கவிழ்த்து வைத்த துரும்பு (மற்ற இனங்களை வெட்டும் இனத்தைக் குறிக்கும் தாள்) எது என்று அக்காவுக்குச் சொல்லிவிட்டான்.

தெரிந்த இன்னும் சில குடும்பங்களும் கேட்கிறார்கள். அறைகள் திறந்து யாரும் ஆடும்படி செய்து, பிறகு வேறு ஆட்டங்களும் சேர்க்க ஆசை. சேர்வரே வேண்டாம், வெப்ஆர்டிசியில் நான்கு பிரவுசர்களையும் நேரடியாக இணைத்தால் வேகமும் கூடும், செலவும் குறையும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அப்படி மாற்றலாமா?

நொய்யல்கரை:

முதல் சிக்கலுக்கு மட்டும் பதில். அது என்ஜின்எக்ஸ் வேலை. பின்னால் இருக்கும் சர்வரிடமிருந்து 60 விநாடி எதுவும் வராவிட்டால் இணைப்பை மூடுவது அதன் இயல்பான அமைப்பு. பிராக்சி ரீட் டைம்அவுட் என்ற வரியில் அதை மாற்றலாம். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். வழியில் இருக்கும் மொபைல் நெட்வொர்க்குகளும் சும்மா கிடக்கும் இணைப்பைக் கழற்றிவிடும். 25 விநாடிக்கு ஒருமுறை சர்வர் ஒரு பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சின்னச் செய்தி) அனுப்பட்டும். வெப்சாக்கெட்டுக்குப் பலர் பயன்படுத்தும் சாக்கெட்.ஐஓ நிரல் தொகுப்பு இயல்பாக வைத்திருக்கும் இடைவெளியும் அதுதான்.

பழைய_லாபி:

தம்பி, நான் நாலு வருஷம் ஒரு சொல்லாட்டத் தளம் நடத்தியவன். மூன்றாவது சிக்கலில் இருந்து தொடங்குகிறேன், உங்கள் பெரிய கேள்விக்கும் விடை அதில்தான் இருக்கிறது.

மருமகனைக் கோபிக்க வேண்டாம். பிரவுசருக்குப் போய்ச் சேர்ந்த எதுவும் ஆடுகிறவர் கையில் இருக்கிறது என்றே கணக்கு. திரையில் வரையாமல் விட்டதால் அது மறைந்துவிடாது. நீங்கள் முழு ஆட்ட நிலையையும் நால்வருக்கும் அனுப்புகிறீர்கள். சர்வர் நால்வருக்கும் நான்கு வேறு பார்வைகளைத் தயாரித்து அனுப்ப வேண்டும். 304க்கு இது மற்றச் சீட்டாட்டங்களை விட நுணுக்கமானது. முதல் நான்கு தாள் கொடுத்து, கேள்வி (ஏலம்) முடிந்து, ஒருவர் துரும்பைக் கவிழ்த்து வைக்கிறார். அது அவருக்கு மட்டும் தெரியும். பிறகு ஆடும்போது, முதலில் இறக்கிய இனத்தில் தாள் இல்லாதவர் ஒரு தாளைக் கவிழ்த்துப் போட்டால், அது போட்டவருக்குத் தெரியும்; அந்தப் பிடி (நால்வரும் ஒவ்வொரு தாள் போடும் சுற்று) முடிந்ததும் துரும்பு வைத்தவர் எடுத்துப் பார்ப்பார்; மற்ற இருவருக்கு அது துரும்பாக இருந்தால்தான் தெரியும். அப்படியானால் ஒரே தாளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு உண்மை. இந்த விதி சர்வரில் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மற்றவருக்குப் போகும் செய்தியில் ‘கவிழ்ந்த தாள் ஒன்று’ என்பது மட்டும் இருக்கட்டும், தாளின் அடையாள எண்கூட வேண்டாம்.

இதனால்தான் வெப்ஆர்டிசி யோசனையை விடச் சொல்கிறேன். சர்வர் இல்லாவிட்டால் யார் கலைப்பது? நால்வரில் ஒருவர் பிரவுசர் கலைத்தால் 32 தாளும் அவருக்குத் தெரியும். நம்பிக்கையான ஆள் இல்லாமலே சீட்டுக் கொடுக்கும் முறையை ஷமீர், ரிவெஸ்ட், ஏடில்மன் மூவரும் 1979இலேயே எழுதினார்கள். ஒவ்வொருவரும் தாளைப் பூட்டிப் பூட்டி அடுத்தவருக்கு அனுப்பும் முறை. அழகான கணக்கு. ஆனால் அம்மாவுக்கு அழைப்பு வந்து அவர் இணைப்பு போனால் அவர் பூட்டைத் திறக்க ஆளில்லாமல் எல்லோரும் நிற்க வேண்டும். செலவும் முழுதாகக் குறையாது: மொபைல் நிறுவனங்கள் பல பேரை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருப்பதால் நேரடி இணைப்பு பல நேரம் கிடைக்காது, அப்போது டர்ன் என்ற இடைச் சர்வர் வேண்டியிருக்கும். வெப்ஆர்டிசியைக் குரலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அது அருமை.

வேகம் பற்றி. யாழ்ப்பாணத்துக்கும் டொராண்டோவுக்கும் 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். நேர்கோட்டில் இழுத்தாலும் போய்வர 130 மில்லி விநாடி. கேபிள் சுற்றிப் போவதால் உண்மையில் இன்னும் கூடும். அகார்.ஐஓ மாதிரி ஓடித் துரத்தும் ஆட்டத்தில் இது பெரிய வேதனை. அங்கே பழைய செய்தி ஒன்று தொலைந்தால், வெப்சாக்கெட் அதைத் திரும்ப வாங்கும் வரை பின்னால் வந்தவை எல்லாம் காத்துக்கிடக்கும். உங்கள் மாமா ஒரு தாளுக்கு ஒரு நிமிடம் யோசிக்கிறார். வரிசை மாறாமல், ஒன்றும் தொலையாமல் வருவதுதான் உங்களுக்கு வேண்டியது. வெப்சாக்கெட்டே போதும்.

இரண்டாவது சிக்கல். இப்போது உங்கள் நிரலில் சாக்கெட்தான், அதாவது அந்த நேரத்து இணைப்புதான், ஆள். அதைப் பிரியுங்கள். ஆள் என்பது நாற்காலி. அறையில் முதலில் உட்காரும்போது ஒரு ரகசியச் சீட்டை (யாரும் ஊகிக்க முடியாத ஓர் எழுத்துத் தொடர்) கொடுத்து, பிரவுசர் தனக்குள் சேமித்து வைக்கும் லோக்கல் ஸ்டோரேஜில் வையுங்கள். திரும்பி வரும்போது அந்தச் சீட்டைக் காட்டினால் அதே நாற்காலி, அதே கை. ஒவ்வொரு நிகழ்வுக்கும் வரிசை எண் கொடுங்கள். ‘நான் 41 வரை பார்த்தேன்’ என்று பிரவுசர் சொன்னால் 42இலிருந்து அனுப்பினால் போதும். ஐபி முகவரியை வைத்து ஆளை அடையாளம் காண வேண்டாம், வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலே அது மாறிவிடும். வேறு பக்கத்துக்குப் போனதால் பின்னால் மறைந்த தாவலில் (டேப்) பிரவுசர் டைமர்களை மெதுவாக்கிவிடும், அதனால் முறைக்கான நேரக் கணக்கும் சர்வரிலேயே இருக்கட்டும். பக்கம் திரும்பக் கண்ணுக்கு வந்ததும் காத்திருக்காமல் உடனே இணையச் சொல்லுங்கள்.

நிகழ்வுகளை நினைவகத்தில் மட்டும் வைக்காமல் எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் எழுதுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு சின்னத் திருத்தம் ஒன்றுக்காக நான் சர்வரை நிறுத்தி எழுப்பினேன், நடந்துகொண்டிருந்த 40 அறைகளும் போய்விட்டன. முக்கால் மணி நேரம் ஆடியவர்கள். இன்றும் உறுத்துகிறது. லிச்செஸ் சதுரங்கத் தளம் வெப்சாக்கெட்டுகளைப் பிடித்திருக்கும் நிரலையும் முதன்மை நிரலையும் தனித்தனியாக வைத்து, நடுவில் செய்திகளைக் கடத்த ரெடிஸ் என்ற மென்பொருளை வைத்திருக்கிறது. நிரல் முழுதும் திறந்த மூலம், உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

வேறு ஆட்டங்கள் சேர்க்க, அறை, நாற்காலி, மறு இணைப்பு ஆகியவை ஆட்டத்தின் பெயரே அறியாமல் இருக்கட்டும். ஆட்டம் தர வேண்டியது இரண்டே சார்புகள் (ஃபங்ஷன்கள்): ஒருவர் செய்த நகர்வை வாங்கிப் புதிய நிலையைத் தருவது, ஒரு நாற்காலிக்கான பார்வையைத் தருவது. அப்புறம், எப்படிக் கலைக்கிறீர்கள்?

கொக்குவில்_தாள்கட்டு:

மிக்க நன்றி அண்ணா. கலைக்க, வரிசைப்படுத்தும் சோர்ட்டுக்குள் எழுமான எண் தரும் மேத்.ரேண்டம் போட்டிருக்கிறேன்.

பழைய_லாபி:

அதை இன்றே மாற்றுங்கள். அந்த முறையில் எல்லா வரிசைகளும் சமமாக வராது, சில தாள்கள் தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே தங்கும். ஃபிஷர்–யேட்ஸ் முறை நாலைந்து வரிதான்: கடைசித் தாளில் தொடங்கி, ஒவ்வொன்றையும் தன்னிடமோ தனக்கு முன்னாலோ இருக்கும் ஏதோ ஓர் இடத்தோடு மாற்றுங்கள். எந்த இடம் என்ற எண்ணை, ஊகிக்க முடியாத எண் தரும் நோடின் கிரிப்டோ ரேண்டம்இன்ட்டில் எடுங்கள்.

எழுத்துரு_பித்தன்:

திரைக்கு கேம் எஞ்சின் தேடாதீர்கள் என்பதற்காக எழுதுகிறேன். 32 தாளுக்கு சாதாரண எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் போதும். லிச்செஸ்ஸின் பலகையே கேன்வாஸ் (பிரவுசரில் படமாக வரையும் பரப்பு) இல்லாமல்தான் ஓடுகிறது. 71 வயது அம்மா ஆடுகிறார் என்றீர்களே, ஒவ்வொரு தாளும் உண்மையான பட்டனாக இருந்தால் எழுத்தைப் பெரிதாக்கலாம், திரை வாசிப்பானும் ‘இஸ்பேடு ஒன்பது’ என்று படிக்கும். கேன்வாஸில் வரைந்தால் இரண்டுக்கும் தனியாக உழைக்க வேண்டும்.

கொக்குவில்_தாள்கட்டு:

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். நாற்காலி, ரகசியச் சீட்டு, வரிசை எண் மூன்றும் வந்துவிட்டன. போன ஞாயிறு ஆட்டத்தின் நடுவே அம்மாவுக்கு இரண்டு அழைப்பு வந்தது. பேசிவிட்டு வந்து அதே கையில் இருந்து இறக்கினார். ‘என்ர தாள் அப்பிடியே கிடக்குது’ என்றார். வேண்டுமென்றே பாதி ஆட்டத்தில் சேர்வரையும் ஒருதடவை நிறுத்தி எழுப்பினேன், மாமாவுக்குத் தெரியவே இல்லை.

மருமகனைத் திரும்பவும் டெவலப்பர் கருவியைத் திறந்து தேடச் சொன்னேன். அரை மணி நேரம் தேடினான், துரும்பு கிடைக்கவில்லை. இப்போது அவன்தான் ஒவ்வொரு பார்வையிலும் என்ன போக வேண்டும், என்ன போகக் கூடாது என்று சோதனைகள் எழுதித் தருகிறான்.

ஒன்று மட்டும் மிச்சம். பெரியம்மா ஆடமாட்டார், பக்கத்தில் இருந்து பார்க்க ஆசைப்படுகிறார். பார்வையாளருக்கு எதைக் காட்டுவது?

பழைய_லாபி:

மேசையில் திறந்து கிடப்பதை மட்டும். நால்வரின் கையையும் காட்ட வேண்டுமென்றால் அந்தக் கை முடிந்த பிறகு காட்டுங்கள். பெரியம்மாவும் வாட்ஸ்அப்பில்தானே இருக்கிறார்.