அம்பாசடருக்கு வீட்டில் செய்த ஓவர்ஃப்ளோ டப்பா: தண்ணீர் வருகிறது, திரும்பிப் போக மறுக்கிறது

காட்ரோடு84:
வணக்கம். அப்பா ஓட்டிய அம்பாசடர் இப்போது என்னிடம் இருக்கிறது. 1984 மாடல், பெட்ரோல், 1489 சிசி. இதில் ஓவர்ஃப்ளோ டப்பா, அதாவது ரேடியேட்டரிலிருந்து வழியும் தண்ணீரைப் பிடித்து வைக்கும் டப்பா, கிடையாது. ரேடியேட்டர் கழுத்திலிருந்து ஒரு சின்னக் குழாய் தரையைப் பார்த்து இறங்கும், அவ்வளவுதான். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது, ஊத்து தாண்டியதும் அதில் சொட்டத் தொடங்கிவிடும். மேலே போய் நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் அரை லிட்டர் குறைந்திருக்கும். மறுபடி கழுத்து வரை ஊற்றிக்கொண்டுதான் கிளம்புவேன்.

போன வாரம் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை பேட்டரி பக்கத்தில் கம்பியால் கட்டி, மூடியில் ஓட்டை போட்டு, மீன் தொட்டிக்கு வாங்கும் டியூபைச் சொருகி, சுற்றிப் பசை வைத்து அடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினேன். பாட்டிலுக்குத் தண்ணீர் வந்தது. ஆனால் காலையில் வந்தது அப்படியே பாட்டிலில் நிற்கிறது, ரேடியேட்டரில் குறைந்தது குறைந்தபடியே இருக்கிறது. பாட்டில் வேறு சூட்டில் ஒரு பக்கம் நெளிந்துவிட்டது. புது வண்டிகளில் தானாக இழுத்துக்கொள்கிறதே, இதில் ஏன் இழுக்கவில்லை? ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேலே இருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டதோ என்று கவலையாக இருக்கிறது.

பழைய ஸ்பானர்:
தம்பி, முதலில் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பாட்டிலுக்குள் டியூப் எது வரை போகிறது? ரேடியேட்டர் மூடியைக் கவிழ்த்தால் எத்தனை ரப்பர் தெரிகிறது?

காட்ரோடு84:
டியூப் மூடிக்குக் கீழே இரண்டு விரல்கடை நீளம்தான் இருக்கிறது அண்ணே. ரப்பர் ஒன்றுதான், ஸ்பிரிங்கின் அடியில். மேலே வெறும் தகடு. மூடியில் 7 என்று போட்டிருக்கிறது.

பழைய ஸ்பானர்:
அப்போது வண்டி மேல் தப்பில்லை. கேஸ்கட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

தண்ணீர் சூடானால் பெருகும். 30 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குப் போனால் சுமார் 3.5 சதவீதம் கூடும். உள்ளே 8 லிட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே இடம் வேண்டும். கழுத்து வரை நிரப்பினால் அந்த இடம் எங்கே இருக்கிறது? மூடியின் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துதான் ஆக வேண்டும். மலை ஏறிய கையோடு எஞ்சினை அணைத்தால் தண்ணீர் பம்பும் நின்றுவிடும். ஹெட்டில் இருக்கும் சூடு அங்கேயே நிற்கும் தண்ணீரில் இறங்கும், இன்னும் கொஞ்சம் தள்ளும். உங்கள் அரை லிட்டர் அப்படித்தான் போகிறது. தினமும் நிரப்புகிறீர்கள், அது தினமும் துப்புகிறது.

ஆறும்போது இதுவே தலைகீழாக நடக்கும். உள்ளே தண்ணீர் சுருங்கி இழுவை உண்டாகும். மூடியின் நடுவில் பொத்தான் மாதிரி ஒரு குட்டி வால்வு இருக்கிறது பாருங்கள், அது திறந்து வெளியிலிருந்து எதையாவது உள்ளே விடும். அது தண்ணீரா காற்றா என்பதுதான் கேள்வி. உங்கள் மூடியின் மேல்பக்கம் ரப்பர் இல்லாததால், கழுத்தின் மேல் விளிம்புக்கும் தகட்டுக்கும் நடுவில் காற்று சுலபமாக நுழைகிறது. பாட்டில் வரை போய்த் தண்ணீரை இழுக்க அதற்கு என்ன அவசியம்? அப்படியே இழுத்தாலும் உங்கள் டியூபின் நுனி தண்ணீருக்கு மேலே தொங்குகிறது, காற்றுதான் வரும். பாட்டிலையும் சுற்றி அடைத்து வைத்திருக்கிறீர்கள், அதற்கு மூச்சு விட வழியில்லை.

ஆக, இரண்டு ரப்பர் உள்ள மூடி வாங்குங்கள். அடியில் ஒன்று, மேல் தகட்டுக்குக் கீழே இன்னொன்று. பழைய மூடியைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். கழுத்தின் ஆழம் எல்லா வண்டிக்கும் ஒன்றாக இருக்காது. ஆழம் குறைந்த மூடி போட்டால் அடி ரப்பர் உட்காராது, அழுத்தமே நிற்காது. எண்ணும் அதே 7 ஆக இருக்கட்டும். 13 போட்டால் கொதிக்காது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நாற்பது வருட ரேடியேட்டரின் ஈய ஒட்டு அதைத் தாங்கும் என்று நான் நம்பவில்லை. 7 பவுண்டு அழுத்தமே வெறும் தண்ணீரின் கொதிநிலையை சமவெளியில் 111 டிகிரிக்கு மேலே கொண்டுபோகும். கொடைக்கானல் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், மலைக்குப் போகிற வண்டிக்கு மூடி சரியாக இருப்பது ரொம்ப முக்கியம்.

கழுத்தின் மேல் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். நெளிசல், உப்பு, பழைய ரப்பர் துணுக்கு இருந்தால் மேல் ரப்பர் ஒட்டி உட்காராது. வழவழப்பாக இருக்க வேண்டும்.

தேனிப் பட்டறை:
டப்பாவுக்கு நான் சொல்கிறேன். தண்ணீர் பாட்டில் வேண்டாம். அந்த பிளாஸ்டிக் 70, 80 டிகிரியிலேயே இளகிவிடும். காயலான் கடையில் மாருதி 800 கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டப்பா கேளுங்கள், மூடி, குழாய், பட்டை எல்லாம் சேர்ந்தே வரும். கிடைக்காவிட்டால் கெட்டியான வெள்ளை கேன், ஒரு லிட்டர் அளவு, உள்ளே மட்டம் தெரிகிற மாதிரி. அதில் பசை எதுவும் பிடிக்காது, இரண்டு நாளில் உரிந்து வரும். மூடியில் டிரில் போட்டு, ஒயருக்குப் போடும் ரப்பர் வளையத்தை (கிரமெட்) சொருகி, அதற்குள் ஓஸை இறுக்கமாக விடுங்கள். அடி வரை போகட்டும். நுனியைச் சாய்வாக வெட்டிவிட்டால் அடியில் ஒட்டி அடைத்துக்கொள்ளாது. மூடியில் இன்னொரு சின்ன ஓட்டை, மூச்சுக்கு. மீன் தொட்டி டியூப் சூட்டில் இளகி, இழுக்கும்போது தட்டையாகிவிடும். பெட்ரோல் ஓஸ் வாங்கி இரண்டு முனையிலும் கிளிப் போடுங்கள். ரேடியேட்டர் பக்கத்துக் கிளிப் லூசாக இருந்தாலும் காற்றுதான் இழுக்கும். எக்ஸாஸ்ட் பக்கம் கட்டாதீர்கள்.

இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது வரும் சில வண்டிகளில் அழுத்த மூடி டப்பாவின் மேலேயே இருக்கும். அந்த டப்பா அழுத்தம் தாங்குவது. அதைப் பார்த்து யாரும் வீட்டில் செய்யக் கூடாது, வெடித்தால் முகத்தில் கொதிநீர். நாம் பேசுவது மூச்சுவிடும் டப்பா மட்டும்.

வெள்ளை அம்பி:
டப்பாவே தேவையில்லை என்பது என் கருத்து. என் வண்டியில் கழுத்துக்கு ஒரு அங்குலம் கீழே நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் ஊற்றுவதில்லை. வருடக்கணக்காகச் சொட்டியதில்லை.

பழைய ஸ்பானர்:
சரிதான், அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டினார்கள். தண்ணீர் மட்டும் ஊற்றினால் அது போதும். தம்பி கூலன்ட் ஊற்றப் போகிறார் என்றால் டப்பா இருப்பது நல்லது. மேலே காற்று இருந்தால் உள்ளே துரு பிடிக்கும், தரையில் சிந்தும் கூலன்ட் இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிட்டு இறந்துபோகும். நான் பார்த்திருக்கிறேன். போர் தண்ணீர் கலக்காதீர்கள், டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

காட்ரோடு84:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். மாருதி டப்பா கிடைத்தது. இரண்டு ரப்பர் மூடி மூன்றாவது கடையில் கிடைத்தது. கழுத்து விளிம்பில் உப்பு கல் மாதிரி இருந்தது, வினிகர் துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்துத் துடைத்தேன். எஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டரை முழுக்க நிரப்பி, டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி மார்க்கரில் கோடு போட்டேன்.

முதல் நாள் டப்பாவில் குமிழ் குமிழாக வந்தது, காலையில் மட்டம் கோட்டுக்கும் கீழே. பயந்துவிட்டேன். இது கேஸ்கட்டா?

பழைய ஸ்பானர்:
உள்ளே மாட்டியிருந்த காற்று வெளியேறி அந்த இடத்துக்குத் தண்ணீர் போயிருக்கிறது. கோடு வரை ஊற்றி இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். அதற்குப் பிறகும், காலையில் ஸ்டார்ட் செய்த உடனே, எஞ்சின் சூடாகும் முன்பே, ரேஸ் கொடுக்கக் கொடுக்கக் குமிழ் வந்துகொண்டே இருந்தால்தான் கேஸ்கட் சந்தேகம்.

காட்ரோடு84:
நின்றுவிட்டது அண்ணே. நேற்று பெருமாள்மலை வரை ஏறி நிறுத்தினேன். மட்டம் கோட்டுக்கு மேலே மூன்று விரல்கடை ஏறியது. இன்று காலையில் பார்த்தேன், கோட்டிலேயே நிற்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன், கழுத்து வரை பச்சைக் கூலன்ட் நிறைந்திருந்தது. அப்பா பானெட்டைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.