கூண்டுக்கான கொய்யாக் கிளைகளை உலர்த்துவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனில் உள்ள எங்கள் வீட்டுப் பட்ஜி கிளிகளுக்கு, கடையில் விற்கும் ஒரே அளவிலான வழுவழுப்பான குச்சிகளுக்குப் பதிலாக, தடிமன் மாறி மாறி வரும் கொய்யாக் கிளைகளைப் பொருத்த விரும்புகிறேன். அவகாடோ மரம் பறவைகளுக்கு நஞ்சு என்பதால் அதன் கிளைகளை எடுக்கவில்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைகள் வாசலிலேயே குவிந்து கிடந்தாலும், மருந்து படிந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தொடவில்லை.

கிளைகளைத் தேய்த்துக் கழுவி, கொதிநீரும் ஊற்றியாயிற்று. ஆனால் இந்தத் தென்மேற்குப் பருவமழையில் வெயிலே தலைகாட்டாததால், கணுக்களிலும் பட்டை வெடித்த இடங்களிலும் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பூக்கிறது. விறகடுப்பின் மேல் தொங்கவிடலாம் என்றால், கிளையில் ஏறும் புகை பறவைகளின் நுரையீரலுக்கு ஆகாதே என்று அஞ்சுகிறேன்.

பட்டையைக் கொறிப்பது அவற்றுக்கு மிகவும் பிடிக்கும் என்பதால், முழுவதும் உரிக்க மனமில்லை. பூஞ்சணம் பிடித்த பகுதியை மட்டும் சீவினால் போதுமா, அல்லது கிளையையே எறிந்துவிட வேண்டுமா? மழைக்காலத்தில் இவற்றை உலர்த்திய அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து வழி கூறவும்.