பெட்டியைத் திறந்தபோது உள்ளே என்ன இருந்தது? உலோக வியாபாரத்தில் உங்கள் அனுபவங்கள்

ஓய்வுபெற்ற வங்கிக்காரர், சென்னை:

முப்பது வருடம் வங்கி வேலை. அதில் பதினோரு வருடம் பாரிமுனைப் பக்கம் ஒரு கிளையில், இறக்குமதி எல்.சி. பார்க்கிற மேசை. சரக்கு அனுப்பிய ஆவணங்கள் சரியாக இருந்தால் வாங்குபவர் சார்பில் வங்கியே பணம் கொடுக்கும் என்ற உறுதிக் கடிதம்தான் எல்.சி. என் கையெழுத்தைத் தாண்டிப் போன அலுமினியத்தையும் பித்தளையையும் குவித்தால் ஒரு தெரு நிரம்பும். ஒரு கிலோவைக்கூட நான் தொட்டதில்லை. எல்லாம் காகிதமாகவே வந்தது, காகிதமாகவே போனது.

அலுமினியம் உருக்கிப் பாத்திரக்காரர்களுக்குக் கொடுக்கிற வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். இரண்டு கன்டெய்னர் பழைய இன்ஜின் வார்ப்புகளுக்கு எல்.சி. திறந்தார். பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி கொடுக்கிற ரசீது), இன்வாய்ஸ், எடைச்சீட்டு, ஆய்வுச் சான்றிதழ் எல்லாம் வந்து சேர்ந்தன. ஒரு காற்புள்ளிகூடப் பிசகவில்லை. நானே இரண்டு முறை பார்த்தேன். பணம் போனது. பத்து நாள் கழித்து மனிதர் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். ஒரு கன்டெய்னரில் கதவை ஒட்டி இரண்டு அடிக்கு இன்ஜின் துண்டுகள், அதன் பின்னால் முழுக்க மண் மூட்டையும் உடைந்த செங்கலும். எடை மட்டும் கிலோ பிசகாமல் இருந்தது!

"சார், பணத்தைத் திருப்பிக் கேளுங்க" என்றார். எப்படிக் கேட்பது? எல்.சி.க்கு உலகம் முழுக்க ஒரே சட்டதிட்டம், யு.சி.பி. 600 என்று பெயர். அதன் ஐந்தாவது பிரிவு, வங்கிகள் ஆவணங்களைக் கையாள்கின்றன, சரக்கை அல்ல என்கிறது. கப்பல் கம்பெனியைப் பிடிக்கலாமா என்று பார்த்தால், பில் ஆஃப் லேடிங்கில் 'உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது' என்று ஒரு வரி அச்சாகியிருந்தது. அத்தனை வருடமும் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்த வரிதான். அன்றைக்குத்தான் வாசித்தேன்.

இந்தத் தொழிலில் இருந்தவர்கள், இருப்பவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம்.

ஸ்கிராப் இறக்குமதி, மாதவரம்:

ஐயா, நீங்க பார்த்தது பழைய வித்தை. இப்ப எல்லாரும் லோடிங் போட்டோ கேக்கறாங்க. காலி பெட்டி, கால்வாசி, அரைவாசி, முழுசு, சீல் நம்பர்னு வரிசையா வாட்ஸ்அப்ல வரும். எனக்கு ஒருமுறை வந்த போட்டோவுல பெட்டி நம்பர் எல்லாம் சரி. ஆனா அரைவாசி போட்டோவுல தரை காஞ்சு கிடக்கு, முழுசு போட்டோவுல ஈரம். நடுவுல ஒரு ராத்திரி மழை பெய்ஞ்சிருக்கு. அந்த ராத்திரி என்ன நடந்துச்சுன்னு பெட்டி வந்தப்புறம்தான் புரிஞ்சுது. ஈர மண்ணோட அள்ளிப் போட்டிருக்கான்.

வெளியில இருக்கறவங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன். ஸ்கிராப்புக்குன்னு தனியா விலை கிடையாது. லண்டன் மெட்டல் எக்ஸ்சேஞ்ச், அதாவது எல்எம்இ, அதோட விலையில இத்தனை சதவீதம்னுதான் பேசுவோம். காப்பர் டன் 9,000 டாலர்னு வைங்க. ஒரு பெட்டியில 24 டன். சரக்கோட ரெண்டு சதவீதம் மண்ணு ஒட்டிக்கிட்டு வந்தா நாலாயிரம் டாலருக்கு மேல போச்சு. அந்தப் பெட்டியில எனக்கு நிக்கற லாபமே அவ்வளவு வராது. அதனாலதான் நாங்க ஈரத்துக்கும் துருவுக்கும் இப்படிச் சண்டை போடறோம்.

அப்புறம் சரக்குக்குப் பேரு இருக்கே, அது தமாஷ். அமெரிக்க ஸ்கிராப் சங்கம் வெச்ச பேருங்க. மஞ்சள் பித்தளைக்கு 'ஹனி'. சுத்தமான காப்பர் கம்பிக்கு 'பெர்ரி', அதுக்கு அடுத்த ரகம் 'பர்ச்', அதுல 96 சதவீதம் காப்பர்னு கணக்கு. காப்பர் குழாய் போட்ட அலுமினிய ரேடியேட்டருக்கு 'டாக்'. காரை நொறுக்கி இரும்பை எடுத்த பிறகு மிஞ்சற கலவை 'ஜோர்பா'. மளிகைக் கடைக்கு ஃபோன் பண்ணின மாதிரி, "ரெண்டு ஹனி, ஒரு டாக்"னு கேட்டா சரக்கு கிளம்பிடும்.

ஜோர்பா ஒரு காலத்துல சைனாவுக்குத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. 2018ல அவங்க கழிவு இறக்குமதிக்குக் கதவைச் சாத்த ஆரம்பிச்சதும் அந்தச் சரக்கு இந்தியா, மலேசியான்னு திரும்பிச்சு. எங்க ஷெட்டுல பொம்பளைங்க பன்னெண்டு பேரு தரையில உக்காந்து பிரிப்பாங்க. அலுமினியம், ஜிங்க், பித்தளை, ஸ்டெயின்லெஸ். மெஷின் எதுவும் கிடையாது. கையில எடுக்கும்போதே ஜிங்க் கனம்னு தெரிஞ்சிடும், போடற சத்தத்துலயே ஸ்டெயின்லெஸ் தெரிஞ்சிடும். முதல் பெட்டி வந்த வாரம் ஒரு அக்கா முந்தானையில முடிஞ்சு எதையோ கொண்டாந்து மேசையில கொட்டினாங்க. நாணயம்! அமெரிக்கக் கால் டாலருங்க. காரு சீட்டுக்கு இடுக்குல விழுந்தது, காரோட நொறுங்கி, கடல் தாண்டி மாதவரம் வந்திருக்கு. "இது செல்லுமா தம்பி?"ன்னு கேட்டாங்க. பாதி வளைஞ்சு போயிருந்துச்சு.

கும்மிடிப்பூண்டி உலை:

நீங்கல்லாம் பணம் போன கதை சொல்றீங்க. நான் உலைமேல நிக்கறவன். எனக்குப் பெட்டிக்குள்ள மண்ணு வந்தா சந்தோஷம், கசடாப் போயிடும். மூடின பொருள்தான் எமன். வண்டி ஷாக் அப்சார்பர், வால்வு அடைச்ச சின்ன சிலிண்டர், தண்ணி தேங்கின பைப்பு. உருகின இரும்புக்குள்ள இது இறங்கினா ஆவியா மாறி வெடிக்கும். பத்து வருஷத்துக்கு முன்னாடி மழைக்காலத்துல நனைஞ்ச ஒரு கட்டு ஸ்கிராப்பை உலையில போட்டோம். கூரை ஷீட்டு வரைக்கும் இரும்பு தெறிச்சுது. எனக்கு இடது முழங்கையில மூணு தழும்பு, பக்கத்துல இருந்த பையனுக்குக் கழுத்துல. வேற ஒண்ணும் ஆகலை. நாங்க தப்பிச்சோம்.

2004 செப்டம்பர்ல டெல்லிக்குப் பக்கத்துல சாஹிபாபாத்ல ஒரு இரும்பு ஆலையில, வெளிநாட்டு ஸ்கிராப்புல வந்த பீரங்கிக் குண்டு வெடிச்சு பத்து பேர் செத்தாங்க. அதுக்கப்புறம்தான் நொறுக்காத சரக்குக்கு ஏத்துற இடத்துலயே ஆய்வுச் சான்றிதழ் வேணும்னு கெடுபிடி வந்துச்சு. 2010ல டெல்லி மாயாபுரியில கோபால்ட்-60. பல்கலைக்கழகம் ஒண்ணு ஏலத்துல விட்ட கதிர்வீச்சு மெஷினைக் கடைக்காரங்க பிரிச்சுட்டாங்க, ஒருத்தர் செத்துட்டார். அது வெளிநாட்டுல இருந்து வரலை, நம்ம ஊரு லேபுதான். சான்றிதழ் இருக்கட்டும். நாங்க இன்னும் கிரேன் காந்தம் கீழ இறக்கினதைக் கண்ணால பார்த்துப் பொறுக்கித்தான் உலையில போடறோம்.

சிங்கப்பூர்வாசி:

மாதவரம் அண்ணன் சொன்ன எல்எம்இ விலை, அது பிறக்கிற இடத்துக்குப் பின்னறையில் நான் இருந்தேன். புரோக்கர் கம்பெனி ஒன்றில் மார்ஜின் கணக்குப் பிரிவு. விலை எதிராகப் போனால் அந்தக் காகித நஷ்டத்துக்கு ஈடாக வாடிக்கையாளர் கட்ட வேண்டிய பணம்தான் மார்ஜின். அண்ணே, நீங்கள் பெட்டியைத் திறந்தாவது பார்க்கிறீர்கள். நான் எட்டு வருடத்தில் ஒரு துண்டு நிக்கல்கூடப் பார்த்ததில்லை.

2022 மார்ச் 8, செவ்வாய். வெள்ளிக்கிழமை நிக்கல் டன் 29,000 டாலர் சுமாரில் இருந்தது. உக்ரைன் போர் தொடங்கிய நேரம், ரஷ்ய நிக்கல் வருமா என்று பயம். திங்கள் இரவு முடியும்போது 48,000. செவ்வாய் மதியம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. திரையில் தசமப் புள்ளி நகர்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் சின்ன வியாபாரி. கிடங்கில் 60 டன் நிக்கல் வைத்திருந்தார். விலை இறங்கினால் நஷ்டம் வரக்கூடாதென்று அதே அளவுக்கு எல்எம்இ-யில் முன்கூட்டியே விற்று வைத்திருந்தார். நிக்கல் ஒரு லாட் ஆறு டன், ஆகப் பத்து லாட், 24,000 சுமாரில். ஒழுங்கான மனிதர், பாதுகாப்புக்காகச் செய்ததுதான். திங்கள் இரவு விலைக்கே அவருடைய காகிதக் கணக்கில் 14 லட்சம் டாலர் நஷ்டம். கிடங்கிலிருந்த நிக்கலின் மதிப்பும் அதே அளவு ஏறியிருந்தது, உண்மைதான். ஆனால் கிடங்குச் சரக்கை வைத்து மார்ஜின் கட்ட முடியாது, மறுநாள் காலைக்குள் ரொக்கம் வேண்டும். போனில் அவர் குரல் இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, சரக்கு என்கிட்ட இருக்குய்யா." அது எனக்கும் தெரியும். ரூல் அப்படி.

மாலை நாலே காலுக்கு, லண்டனில் காலை எட்டே கால், வர்த்தகத்தை நிறுத்தினார்கள். பிறகு அன்று நடந்த வியாபாரம் அத்தனையையும் ரத்து என்றார்கள். சீனாவின் சிங்ஷான் என்ற மாபெரும் நிக்கல் கம்பெனி விலை இறங்கும் என்று பெரிய அளவில் விற்று வைத்திருந்தது பிறகு பத்திரிகைகளில் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் தயாரித்த நிக்கலின் பெரும்பகுதி எல்எம்இ-யில் ஒப்படைக்கத் தகுந்த ரகமே அல்ல. சந்தை திரும்பத் திறந்தது 16ஆம் தேதி. லாபம் பறிபோனவர்கள் லண்டனில் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். எங்கள் வாடிக்கையாளர் பிழைத்தார். நியாயமா என்று கேட்டால் எனக்கு இன்றும் இரண்டு மனசு. அவர் பிழைத்தது சந்தோஷம்தான். ஆனால் விலை பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடலாம் என்றால் அது என்ன சந்தை?

முடியவில்லை. 2023 மார்ச்சில், ராட்டர்டாமில் எல்எம்இ அங்கீகாரம் பெற்ற கிடங்கு ஒன்றில் சாக்குகளைப் பரிசோதித்தபோது நிக்கலுக்குப் பதில் கற்கள். ஒன்பது வாரன்ட், அதாவது கிடங்குச் சரக்குக்கான உரிமைச் சீட்டு, 54 டன். மொத்த இருப்பில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் வாரன்ட் என்பது எங்கள் உலகில் தங்கம் மாதிரி. கைமாறிக்கொண்டே இருக்கும், யாரும் போய்ச் சாக்கைப் பிரிப்பதில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் டிராஃபிகுரா என்ற உலகப் பெரும் வியாபாரக் கம்பெனி, தான் வாங்கிய நிக்கல் கன்டெய்னர்களில் நிக்கல் இல்லை, 57.7 கோடி டாலர் வரை நஷ்டம் வரலாம் என்று அறிவித்திருந்தது. ஐயா, உங்கள் பாத்திரக்காரர் வெட்கப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று. எல்எம்இ-யில் மூன்று மாத விலைதான் அடிப்படை, அதாவது மூன்று மாதம் கழித்துச் சரக்கை ஒப்படைப்பதற்கான விலை. சிலியிலிருந்து காப்பரும் மலாயாவிலிருந்து ஈயமும் கப்பலில் இங்கிலாந்து போய்ச்சேர அந்த நாளில் பிடித்த காலம் அது. இங்கே ஈயம் என்றால் பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம். கப்பல் வேகமாகிவிட்டது, கணக்கு மட்டும் அங்கேயே நிற்கிறது.

கோவை மோட்டார்காரர்:

ஏனுங்க, நாங்கல்லாம் இதுல கடைசி ஆளுங்க. பம்ப்செட் மோட்டாருக்கு வைண்டிங் கம்பி வாங்கறவன் நான். 2021 மே மாசம் காப்பர் 10,000 டாலரைத் தாண்டுச்சுங்க. விவசாயிகிட்டப் பேசுன ரேட்டு ஒண்ணு, கம்பி வாங்கப் போன அன்னைக்கு ரேட்டு வேறங்க. தூத்துக்குடி ஆலை 2018ல மூடுனதுக்கப்புறம் நாடே சுத்திகரிச்ச காப்பரை வெளியில இருந்து வாங்குற நிலைமைக்கு வந்துருச்சு. அந்த ஊர்ச் சனம் பட்டதும் உசுரு போனதும் தெரியாமப் பேசலைங்க. எனக்கு நடந்ததைச் சொல்றேன், அவ்வளவுதான். இப்ப கொட்டேஷன் குடுத்தா 'மூணு நாள் மட்டும்'னு எழுதித்தானுங்க குடுக்கறேன். எரிஞ்ச மோட்டாருல எடுக்கற பழைய கம்பியை மட்டும் விக்கறதில்லைங்க, சாக்குல கட்டி வீட்டுல வெச்சிருக்கேன். சம்சாரம் நகைச்சீட்டுக் கட்டறா, எனக்கு இதுதான் சீட்டு.

ஓய்வுபெற்ற வங்கிக்காரர், சென்னை:

சிங்கப்பூர்த் தம்பி, வாரன்ட் கதையைப் படித்ததும் 2014 சீனாவின் சிங்தாவ் துறைமுகம் நினைவுக்கு வந்தது. அங்கே கிடங்கிலிருந்த ஒரே அலுமினியக் குவியலையும் காப்பரையும் காட்டிப் பல வங்கிகளில் கடன் வாங்கியிருந்தார்கள். ஒரே சரக்குக்குப் பல கிடங்கு ரசீது. விஷயம் வெளியே வந்தபோது வங்கிக்காரர்கள் துறைமுகத்துக்கு ஓடினார்கள். ஒரு சங்கிலியை நாலு அடகுக்கடையில் வைத்த மாதிரி. ஆனால் நம் ஊர்ச் சேட்டு சங்கிலியை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் பணத்தைக் கொடுப்பார்!

நானும் ஒருமுறை பூட்டியிருக்கிறேன். அடமானக் கடனுக்குக் கிடங்கில் வங்கியின் பூட்டு, வங்கியின் பெயர்ப்பலகை. மாதம் ஒருமுறை போய் எண்ண வேண்டும். அலுமினியக் கட்டிகளை மதில் மாதிரி அடுக்கியிருந்தார்கள். நீளத்தில் இத்தனை, அகலத்தில் இத்தனை, உயரத்தில் இத்தனை, பெருக்கினால் சரியாக வந்தது. நாலு மாதம் அப்படியே கையெழுத்துப் போட்டேன். ஐந்தாவது மாதம் என்னோடு வந்த கடைநிலை ஊழியர் ஒருவர், சும்மா ஏறி மேலே நின்று, "சார், நடுவுல கிணறு இருக்கு" என்றார். நாலு பக்கமும் சுவர்தான் அலுமினியம், உள்ளே வெறும் காற்று. பெருக்கல் கணக்கு எனக்குச் சரியாகவே வந்திருந்தது.

பெரம்பூர் கடைக்காரர் மகள்:

அப்பா காயலான் கடை வைத்திருந்தார். காயல்பட்டினத்துக்காரர்கள் நடத்தியதால் வந்த பெயர் என்பார்கள். நாங்கள் அந்த ஊர் இல்லை, ஆனாலும் பள்ளிக்கூடத்தில் எனக்கு அந்தப் பெயர்தான். அப்பாவிடம் மூன்று சாமான்கள்: காந்தம், அரம், தராசு. காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டவில்லை என்றால் அரத்தால் ஒரு இழுப்பு. பித்தளை முலாமா, முழுப் பித்தளையா என்று அந்தக் கீறலில் தெரிந்துவிடும். எல்.சி. என்ற சொல்லையே இங்குதான் படிக்கிறேன். ஆனால் அப்பாவும் ஏமாந்திருக்கிறார். மண் அடைத்த குழாய், ஈரத்தில் ஊறவைத்த அட்டை, எல்லாம் வந்திருக்கிறது.

ஐயா, ஒன்று கேட்கலாமா? அந்தப் பாத்திரக்காரர் மண் கன்டெய்னரை என்ன செய்தார்?

ஓய்வுபெற்ற வங்கிக்காரர், சென்னை:

அம்மா, அதைச் சொல்லாமல் விட்டேன். வெளியே கொண்டுவரச் சுங்கத்துறை அனுமதிக்கவில்லை. அறிவித்த சரக்கு வேறு, வந்த சரக்கு வேறு. திருப்பி அனுப்பலாமென்றால் அனுப்பியவன் போனை எடுக்கவில்லை. வழக்கு முடிகிற வரை பெட்டி யார்டிலேயே நின்றது. நான் ஓய்வு பெறும்போதும் அவர் மாதாமாதம் அந்த மண்ணுக்கு வாடகை கட்டிக்கொண்டுதான் இருந்தார்.