வெளிநாட்டு அரசுகள் அல்காரிதத்தை வைத்து மக்கள் கருத்தை மாற்றுகின்றனவா?

கேள்வி:
தேர்தல் வந்தாலே ஒரு தரப்பு வெளிநாட்டுச் சதி என்கிறது, இன்னொரு தரப்பு கட்டுக்கதை என்கிறது. ஒரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு நாட்டு மக்களின் மனசை மாற்ற முடியுமா? சமூக ஊடகத்தில் எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று முடிவுசெய்யும் அல்காரிதத்தை எப்படி வளைக்கிறார்கள்?

பதில் 1:
வளைக்கத் தேவையே இல்லை. எந்தப் பதிவுக்கு கமெண்டும் ஷேரும் குவிகிறதோ அதை மேலே தூக்கிவிடுவதுதான் அதன் வேலை, கோபத்தைக் கிளப்பும் பதிவுக்குத்தான் அவை சுலபமாகக் குவியும். 2016 மே மாதம் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்ததைப் பாருங்கள். அங்கிருந்த இஸ்லாமிய மையத்தை எதிர்த்துப் போராட வரச்சொன்னது 'ஹார்ட் ஆஃப் டெக்சாஸ்' என்ற ஃபேஸ்புக் பக்கம். அதே நாள், அதே நேரம், அதே இடத்துக்கு, மையத்துக்கு ஆதரவாக ஆள் கூப்பிட்டது 'யுனைடெட் முஸ்லிம்ஸ் ஆஃப் அமெரிக்கா'. இரண்டு கூட்டமும் தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கத்தின. இரண்டு ஃபேஸ்புக் பக்கங்களையும் நடத்தியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஒரே நிறுவனம், இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி! செலவு 200 டாலர் அளவுதான் என்றார் அமெரிக்க செனட் உளவுக் குழுவின் அப்போதைய தலைவர் ரிச்சர்ட் பர். ஆனால் வந்து நின்றவர்கள் உள்ளூர்க்காரர்கள், அவர்களுடைய கோபமும் நிஜம். புதிதாகச் சண்டை மூட்டவில்லை, இருந்த சண்டைக்கு எண்ணெய் ஊற்றினார்கள்.

பதில் 2:
சரி, ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் மனசு மாறிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அந்த நிறுவனத்தின் பதிவுகள் 12.6 கோடி பேர் வரை போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. ட்விட்டரை வைத்து 2023இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வோ, ரஷ்யப் பதிவுகளைப் பெரும்பாலும் பார்த்தது ஒரு சிறு கூட்டம்தான், பார்த்தவர்களின் கருத்திலோ ஓட்டிலோ மாற்றம் எதுவும் தென்படவில்லை என்கிறது.

பதில் 3:
ரஷ்யாவை மட்டும் சொல்லிவிட்டு விடுவது நியாயமில்லை. கொரோனா காலத்தில் பிலிப்பைன்ஸ் மக்கள் சீனத் தடுப்பூசியை நம்பாமல் இருக்க, அமெரிக்க ராணுவம் போலிக் கணக்குகளில் பிரசாரம் செய்ததை 2024இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த நேரத்தில்! எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேட்டவர்:
அப்போ நம்மால் செய்யக்கூடியது?

பதில் 1:
ஃபேஸ்புக் பக்கமாக இருந்தால் 'பக்க வெளிப்படைத்தன்மை' பகுதியைத் திறந்து பாருங்கள், எந்தெந்த நாட்டிலிருந்து நிர்வகிக்கிறார்கள், முன்பு என்ன பெயரில் இருந்தது என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கே இருக்கும். அப்புறம், நீங்கள் பின்தொடர்பவர்களின் பதிவுகளை மட்டும் காட்டும் ஃபீடுக்கு மாறிக்கொள்ளுங்கள்.