கேமரன் மலையில் விடியற்காலை ஸ்டார்ட் ஆகாத கார்: ஃப்யூவல் பம்ப் மாற்றத்தான் வேண்டுமா?

பூக்காரி_பிரிக்ஃபீல்ட்ஸ்:
வணக்கம். பிரிக்ஃபீல்ட்ஸில் மாலை கட்டும் கடை வைத்திருக்கிறேன். செவ்வந்தி எடுக்கக் கேமரன் மலைக்கு நானேதான் ஓட்டிப் போவேன். ராத்திரி தானா ராத்தாவில் தங்கி, இருட்டோடு சரக்கை ஏற்றி, தாப்பா வழியாக இறங்கிவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பூ துவண்டுபோகும்.

கார் பழசு. 1.3 லிட்டர், ஆட்டோ, பெட்ரோல் இஞ்செக்‌ஷன். மேலே காலை 5 மணிக்குச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் ஜோராகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. விட்டு விட்டு அடித்தால் ஒரு வழியாகப் பிடித்து, குலுங்கிக்கொண்டே ஓடி, சூடானதும் அடங்கிவிடும். அப்புறம் அன்று முழுக்க தொட்டால் ஸ்டார்ட். கீழே கேஎல்லில் (கோலாலம்பூரில்) காலையில் லேசாக இழுக்கும், அவ்வளவுதான்.

பேட்டரிதான் காரணம் என்று வொர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். மாற்றியாச்சு, ஒரு மாற்றமும் இல்லை. இப்போது ஃப்யூவல் பம்ப் என்கிறார்கள். தைப்பூசம் நெருங்குது, பத்து மலைக்கு மாலை ஆர்டர் எடுத்திருக்கேன். பம்ப் மாற்றுகிற காசைச் செலவழிக்கும் முன் யாராவது சொல்லுங்களேன்.

ஜெலுத்தோங்_மணி:
அக்கா, பேட்டரி புதுசா இருந்தாலும் டெர்மினல் லூசா இருந்தா, எஞ்சினுக்குப் போற எர்த் வயர் பச்சை பூத்திருந்தா இதே தொல்லைதான். மீட்டர் வச்சுப் பாருங்க. ராத்திரி நின்ன வண்டியில 12.6 வோல்ட் இருக்கணும், ஸ்டார்ட்டர் சுத்துறப்போ 9.6க்குக் கீழ இறங்கக் கூடாது.

பட்டர்வொர்த்_போமன்:
மணி சொன்ன அளவு சரி. ஆனா தங்கச்சி எழுதினதை இன்னொரு தரம் படிங்க. ஸ்டார்ட்டர் ஜோரா சுத்துதுன்னு சொல்லிட்டாங்க. பேட்டரியோ எர்த்தோ மோசம்னா சுத்துறதே இழுவையா இருக்கும், இல்ல "டிக் டிக்"னு நின்னுடும். சுத்துது, பிடிக்கலைன்னா பெட்ரோல், தீப்பொறி, காத்து இந்த மூணுலதான் தேடணும். இந்த இடத்துல காது கொடுத்துக் கேட்காமத்தான் பாதிப் பேர் பேட்டரிக்குக் காசு கொடுக்குறாங்க. எனக்கு அது மனசு பொறுக்காத விஷயம்.

பம்புக்கு ஒரு சுலபமான சோதனை இருக்கு. சாவியை ஆன்ல வைங்க, ஸ்டார்ட் பண்ண வேணாம். பின் சீட்டுக்கு அடியில ரெண்டு மூணு செகண்ட் "உய்ங்"னு சத்தம் வந்து நிக்கும். ஆஃப் பண்ணிட்டுத் திரும்ப ஆன். இப்படி மூணு தரம் செஞ்சிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. உடனே பிடிச்சா ராத்திரி முழுக்க லைன்ல இருந்த பிரஷர் இறங்கிப்போயிருக்குன்னு அர்த்தம், பம்பு வால்வையோ இஞ்செக்டரையோ சந்தேகப்படலாம். ஆனா அந்தக் கோளாறுக்கு மலை, சமவெளின்னு பேதம் கிடையாது, கேஎல்லயும் அதே பாடு படுத்தணும். உங்களுக்குக் குளிர்ல மட்டும் மோசமாகுது. அதனால என் சந்தேகம், எஞ்சினைச் சுத்தி ஓடுற தண்ணியோட (கூலண்ட்) சூட்டை அளக்குற வாட்டர் டெம்பரேச்சர் சென்சார் மேல.

எஞ்சின் ஆறிக் கிடக்குதா, சூடா இருக்குதான்னு ஈசியுவுக்கு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டருக்கு, சொல்றது அதுதான். குளிர்ல பெட்ரோல் சரியா ஆவியாகாது, அதனால முதல் ஸ்டார்ட்டுக்கு ஈசியு கூடுதலா ஊத்தும். சென்சார் கெட்டு "சூடா இருக்கேன்"னு பொய் சொன்னா ஊத்துறது பத்தாது. கேஎல் காலை 24, 25 டிகிரி, அதுல சமாளிச்சிடும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல, விடியற்காலை 16 வரைக்கும் இறங்கும். அங்கதான் குட்டு வெளிப்படும்.

டேஷ்போர்டு முள் சரியா காட்டுதேன்னு ஏமாந்துடாதீங்க. பல பழைய வண்டியில முள்ளுக்கு ஒத்தை வயர் சென்சார் தனி, ஈசியுவுக்கு ரெட்டை வயர் சென்சார் தனி. ஈசியு சொல்றதைப் படிக்கிற ஓபிடி சாக்கெட் வண்டியில இருந்தா, அதுல புளூடூத் கருவியை மாட்டி, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி படிச்சுப் பாருங்க. ராத்திரி பூரா நின்ன வண்டியில தண்ணி சூடும் உள்ள போற காத்தோட சூடும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும்.

ஈப்போ_ரவி:
என் தம்பி கனடாவில் இருக்கிறான். மைனஸ் 20, 30க்குப் போகும் ஊர், ராத்திரி எஞ்சின் ஹீட்டரை வீட்டு பிளக்கில் சொருகிவிட்டுத்தான் தூங்குவான். அங்கே குளிரில் பேட்டரி துவளும், ஆயில் கெட்டியாகும், அதனால் முதலில் அவற்றைப் பார்ப்பார்கள். 16 டிகிரியில் அந்தக் கதை இல்லை. நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது வெயில்தான். போமன் அண்ணன் சொல்வது எனக்கு நியாயமாகப் படுகிறது.

பூக்காரி_பிரிக்ஃபீல்ட்ஸ்:
அண்ணே, சாவியை ஆன், ஆஃப் பண்ணிப் பார்த்தேன், வித்தியாசமே இல்லை. தம்பியின் ஓபிடி கருவியை வாங்கிக்கொண்டு மேலே போனேன். கார் மேலெல்லாம் பனி ஈரம், பானெட்டைத் தொட்டால் கை சில்லிடுது. போன் திரையில் காத்து 17 டிகிரி, தண்ணி 52! அப்படியே படம் பிடித்து வைத்திருக்கிறேன். கீழே வந்து, எஞ்சின் நன்றாக ஆறியதும் சாக்கெட்டைக் கழற்றி சென்சாரை மீட்டரில் அளந்தோம். 800 ஓம்கூட இல்லை. பம்ப் வேலை வேண்டாம் என்று வொர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டேன். சென்சாரை நாங்களே மாற்றலாமா?

பட்டர்வொர்த்_போமன்:
அப்போ அதேதான் தங்கச்சி. 20 டிகிரியில 2,000லிருந்து 3,000 ஓம் வரைக்கும் இருக்கணும், 80 டிகிரியிலதான் 300 கிட்ட இறங்கும்.

தாராளமா மாத்தலாம். பழைய வண்டியைப் பிரிச்சு விக்கிற ஹாஃப்கட் கடையில பழசு எடுக்காதீங்க, ஸ்பேர் பார்ட் கடையில புதுசு, வாஷரோட வாங்குங்க. பேட்டரிக்குக் கொடுத்ததுல கால்வாசிகூட ஆகாது. எஞ்சின் முழுசா ஆறினப்புறம்தான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கணும், சூட்டுல திறந்தா முகத்துல அடிச்சிடும், இதுல மட்டும் அவசரமே கூடாது. புது சென்சாரைக் கையில எடுத்து வச்சுக்கிட்டுப் பழசைக் கழட்டுங்க, கூலண்ட் கொஞ்சம்தான் சிந்தும். பித்தளை மரை, முக்கி முறுக்கினா உடைஞ்சு உள்ளயே மாட்டிக்கும். கூலண்டை நிரப்பி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓட விட்டு, காத்துக் குமிழி அடங்கினதும் மூடுங்க.

இன்னொண்ணு. இத்தனை நாளா பிடிக்காம அடிச்ச பெட்ரோல்ல கொஞ்சம் ஆயில்ல இறங்கியிருக்கலாம். டிப்ஸ்டிக்கை இழுத்து மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை அடிச்சா ஆயிலை மாத்திட்டு அப்புறம் மலை ஏறுங்க.